கற்பூரம் மாதிரிதான் தோட்டாவும்

கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைக்கிற பழக்கம் உங்க வீட்டிலும் இருக்கும். மிளகு நிஜமாவே தடுக்குதா என்பதை விடுங்க. மூடியே வச்சிருந்தாலும் கற்பூரம் சத்தமில்லாமல் இளைத்துப் போகும், அது எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கித் தோட்டாவும் கிட்டத்தட்ட அதே ஜாதி என்பது எனக்கு ஹரோ வந்த பிறகுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தாத்தா, ரைஃபிள் கிளப் ஆசாமி. போலீஸ் லைசென்ஸ், பூட்டின இரும்பு அலமாரி எல்லாம் பக்கா. சர்ரே பக்கம் பிஸ்லி என்று ஒரு ஊர். 1890-லிருந்து இங்கிலாந்தின் பெரிய ரைஃபிள் போட்டிகள் அங்கேதான். அங்கே சுடுவதற்கான தோட்டாவைத் தாத்தா கையாலேயே செய்வார். ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கூடு, புது பிரைமர், தராசில் நிறுத்த மருந்து, மேலே குண்டு. எங்கம்மா ஆவக்காய் போடுகிற அதே சிரத்தை :-)

மூணு வருஷம் முன்னாடி செஞ்சு, லாஃப்ட்டில் பூட்டி வச்ச ஒரு பெட்டியைப் போன கோடையில் எடுத்துட்டுப் போனார். வேகம் அளக்கிற கருவி, முன்பு எழுதி வச்சிருந்த கணக்கைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. சுட்ட பிறகு போல்ட்டைத் தூக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருந்ததாம். அஞ்சாவதோடு நிறுத்திட்டு மீதியைத் திருப்பிக் கொண்டு வந்துட்டார்.

"ஒரு சதவீதம்தானே?" என்றேன். ஆயிரம் கஜத்தில் அது ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம். "குறி தப்பினால் போகட்டும். வேகம் கூடினால் உள்ளே அழுத்தமும் கூடியிருக்கிறது. என் கன்னம் அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது" என்றார்.

முதல் சந்தேகம் வெயில் மேல். மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும். பொதுவாக ஒரு டிகிரிக்கு நொடிக்கு அரை மீட்டர் போல வேகம் ஏறும். ஜனவரியில் அளந்ததை ஜூலையோடு ஒப்பிட்டுவிட்டு "தோட்டா பழசாகிப் போச்சு" என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஆனால் தாத்தா முதலில் அளந்ததும் கோடையில்தான்.

ரெண்டாவது, ஈரம். மருந்துக்குள் ஒரு சதவீதம் போலத் தண்ணீர் இருக்கும். டப்பா திறந்திருக்கும்போது காற்று வறண்டிருந்தால் அது போய்விடும். காய்ந்த மருந்து வேகமாக எரியும், நமுத்தது மெதுவாக. லண்டன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் என் உதடே வெடிக்கிறது, மருந்து என்ன பாடுபடும்!

மூணாவதுதான் எனக்குப் புதுசு. பித்தளைக் கூட்டின் கழுத்தும் குண்டும் வருஷக்கணக்கில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்போ குண்டு நகரவே கூடுதல் அழுத்தம் தேவை. எதிர்த்திசையிலும் நடக்கும்: பித்தளை தளர்ந்து பிடி குறைந்தால் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு வேகம்.

தாத்தா மீதித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குண்டு லேசில் வரவில்லை. வரும்போது 'டக்'கென்று ஒரு சத்தம். மருந்தை முகர்ந்து பார்த்தார், வழக்கமான வாசனைதான். ஆக, குற்றவாளி கழுத்து; வறட்சியும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம்.

அதென்ன முகர்ந்து பார்ப்பது? அங்கேதான் நம்ம கற்பூரம் வருது.

புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். நைட்ரிக் அமிலம் ஏற்றிய பஞ்சு என்று வச்சுக்கலாம். செய்த நாளிலிருந்தே அது மெதுவாகச் சிதையும். சிதையும்போது வருகிற அமில வாயு, மேலும் சிதைவைக் கிளப்பும். 1887-ல் நோபெல் காப்புரிமை வாங்கிய பாலிஸ்டைட்டில் கற்பூரமும் சேர்த்திருந்தார். நாள்பட அது ஆவியாகி, மருந்தின் குணமே மாறிப்போனது. ஏபலும் டூவரும் 1889-ல் கற்பூரத்துக்குப் பதில் வாசலின் போட்டுச் செய்ததுதான் கார்டைட். நோபெல் வழக்குப் போட்டு, பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார். குழல் தேயாமல் இருக்கச் சேர்த்த வாசலின், சிதைவையும் தாமதப்படுத்துகிறது என்று பிற்பாடு தெரிந்தது. இன்றைய மருந்துகள் பலவற்றில் அந்த வேலைக்கு டைஃபினைல்அமீன்.

நான் குன்னூர்க்காரன். மலை ரயிலில் ஊட்டி போகும்போது வெலிங்டனுக்கு அடுத்து வருகிற அருவங்காட்டை 'கார்டைட் ஃபேக்டரி' என்றே சொல்லி வளர்ந்தவன். 1900களின் தொடக்கத்திலிருந்து ஓடுகிற ஆலை. 2021-லிருந்து முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. கார்டைட் என்றால் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஹரோ வரவேண்டியிருந்தது, கொடுமை!

காப்புப் பொருள் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸின் துலோன் துறைமுகமே சாட்சி. 1907-ல் 'இயெனா', 1911-ல் 'லிபர்தே' என்று ரெண்டு போர்க்கப்பல்கள், எதிரியே இல்லாமல் நின்ற இடத்தில் வெடித்தன. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பழி விழுந்தது கெட்டுப்போன மருந்தின் மேல்.

இதே பொருள் ஹரோவுக்கும் சொந்தம். ஹெட்ஸ்டோன் டிரைவில் 1891 முதல் 2016 வரை கோடாக் ஆலை இருந்தது. அந்தக் காலத்துக் கோடாக் சினிமாச் சுருள்? நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும்தான்! 1950களின் தொடக்கத்தில்தான் கைவிட்டார்கள். பிசுபிசுத்து, பொடியாகி, சமயத்தில் தானே தீப்பிடித்து எத்தனையோ படங்கள் போயின. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும்படம் 'காளிதாஸ்' ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.

தோட்டாவில் இந்தச் சிதைவு வேகத்தை எந்தப் பக்கமும் தள்ளும். சத்து குறைந்தால் மந்தம். துணுக்குகள் நொறுங்கினால் எரிகிற பரப்பு கூடி, திடீரென அழுத்தம் எகிறும். சூடு இதையெல்லாம் துரிதப்படுத்தும். பத்து டிகிரி ஏறினால் சிதைவு இரண்டு மடங்குக்கும் மேல். 2022 ஜூலையில் ஹீத்ரோவில் 40.2 டிகிரி அடித்தபோது எங்க லாஃப்ட்டுக்குள் எவ்வளவோ!

ராணுவங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, காப்புப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொண்டே இருக்கும். தாத்தாவிடம் அந்த வசதி கிடையாது. புளிச்ச அமில நெடியோ, துரு நிறத் தூளோ தெரிந்தால் அந்த டப்பாவுக்கு அன்றோடு சரி. இப்போ தோட்டாப் பெட்டிகள் எல்லாம் லாஃப்ட்டிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரிக்கு வந்தாச்சு. என் சூட்கேஸ்தான் லாஃப்ட்டுக்குப் போயிருக்கு.