பூனைக்குப் படர்தாமரை

பூனையின் காதோரம் முடி கொட்டுகிறது. முகத்திலும் காலிலும் வட்ட வட்டமாகத் தோல் தெரிகிறது. சாம்பல் தூவியது போலச் செதில் உதிர்கிறது. இது படர்தாமரையாக இருக்கலாம்.

படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். மழைக்காலத்தில் பழைய செருப்பில் பூஞ்சை பூக்கும். அதைப் போன்ற ஒன்றுதான் இதுவும். ஆனால் இது தோலிலும் முடியிலும் வளரும். பூனையைத் தூக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

களிம்பு மட்டும் போதுமா?

போதாது. பூஞ்சை முடிக்குள்ளேயும் இருக்கும். களிம்பு அங்கே போய்ச் சேராது. பூனை அதை நக்கியும் விடும். அதனால் கால்நடை மருத்துவர் உள்ளுக்கு மருந்து கொடுப்பார். அது இரத்தத்தில் கலந்து முடியின் வேருக்குப் போகும். புதிய முடியில் பூஞ்சை வளராமல் தடுக்கும். மேலுக்கும் மருந்துத் தண்ணீரால் குளிப்பாட்டச் சொல்வார்.

அளவு முக்கியம்

இட்ராகொனசோல் என்ற மருந்து பூனைக்கு அதிகம் தரப்படுகிறது. 1 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 4 கிலோ பூனைக்கு 20 மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரையில் பெரும்பாலும் 100 மில்லிகிராம் இருக்கும். அது ஐந்து மடங்கு! அளவு மீறினால் ஈரல் கெடலாம். ஆகவே கடையில் வாங்கித் தாமாகவே கொடுக்கக் கூடாது.

இந்த மருந்தை ஒரு வாரம் தினமும் கொடுப்பார்கள். அடுத்த வாரம் நிறுத்துவார்கள். இப்படி மூன்று முறை நடக்கும். நிறுத்திய வாரத்திலும் மருந்து முடியில் தங்கி வேலை செய்யும்.

பூனை சினையாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாதியில் நிறுத்தலாமா?

கூடாது. முடி முளைத்ததும் நோய் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் பூஞ்சை மிச்சம் இருக்கும். மறுபடி வரும். மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகே மருந்தை நிறுத்த வேண்டும்.

வீட்டையும் கவனிக்க வேண்டும். உதிர்ந்த முடியில் பூஞ்சை பல மாதம் உயிரோடு இருக்கும். தினமும் முடியைக் கூட்டி அள்ளி, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பூனை படுக்கும் துணியைத் துவைக்க வேண்டும். பிள்ளைகள் உடம்பில் வட்டமாகத் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பூனையை விரட்டிவிட்டால் நோய் போகாது. உதிர்ந்த முடி வீட்டிலேயே கிடக்கும். பூனையோ அடுத்த தெருவுக்கும் நோயைக் கொண்டு போகும். மருந்தை முழுதாகக் கொடுத்தால் பூனையும் பிழைக்கும், பிள்ளைகளும் தப்பிப்பார்கள்.