ஊர்ப் பெயரே சொத்து

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் செல்லும் பாதையில் இருக்கிறது குளத்தூர். கண்ணுக்கு எட்டிய வரையில் கரிசல் மண். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. பெய்யாவிட்டால் வாய் பிளந்து கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. அந்த மழை ஏமாற்றிய வருஷங்களில் இச்சீமையின் ஜனங்கள் எங்கே போவார்கள்? கிழக்கே கடல் இருந்தது. கடலுக்கு அப்பால் இலங்கை இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டி மலைகளில் முதலில் காப்பியும், பிறகு தேயிலையும் பயிராயின. அத்தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஆட்கள் போனார்கள். அழைத்துச் சென்றவன் கங்காணி. அவன் கொடுத்த முன்பணம் "துண்டு" என்னும் சீட்டில் கடனாக ஏறும். 1921-ஆம் வருஷத்தில் சட்டத்தினால் ஒழிக்கப்படும் வரையில் அந்தத் துண்டு தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப் போட்டிருந்தது.

ஆனால் ஊரோடு கட்டிய கயிறு வேறு. கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன். பல சமயங்களில் உறவினன். ஆகையால் ஊரின் ஒரு தெருவே மலைமேல் லயங்களில் குடியேறியது போலாயிற்று. அங்கே மாரியம்மனுக்குக் கோவில் எழுந்தது; காமன் கூத்து ஆடினார்கள். இங்கே கடிதமும் மணியார்டரும் வந்தன; பெண் கொடுத்தலும் எடுத்தலும் நடந்தன. குலதெய்வத்தின் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது, கடல் கடந்த பங்காளியின் பெயரையும் எழுதிக்கொள்வது ஊருக்கு ஊர் உள்ள வழக்கமே.

இந்தச் சீமை பெற்ற இரு பெரியோர்களும் கடலைத் தடையாக எண்ணவில்லை. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். எட்டயபுரத்துப் பாரதியாரோ, பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற நம் பெண்களை நினைத்துப் பாடினார். வெளியே போனவனும் தேசத்தின் குழந்தையே என்பதை இவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

சோதனை பின்னால் வந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் வருஷத்திலேயே அங்கே ஒரு பிரஜா உரிமைச் சட்டம் பிறந்தது. அங்கே பிறந்தவனாயினும், தகப்பனார் அங்கே பிறந்தவர் என்றாவது, பாட்டனாரும் கொள்ளுப்பாட்டனாரும் அங்கே பிறந்தவர்கள் என்றாவது அவன் ருசுப்படுத்த வேண்டும். தேயிலைக் கூடை சுமந்தவனிடம் பிறப்புப் பத்திரம் ஏது? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவரானார்கள். இந்தியாவின் அரசியல் சட்டத்திலோ எட்டாவது பிரிவு, பெற்றோரில் அல்லது பாட்டன் பாட்டியரில் ஒருவராவது இந்தியாவில் பிறந்திருந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் பிரஜையாகப் பதிவு பெறலாம் என்றது. ஆக, இரு கரையிலும் முன்னோரைத்தான் கேட்டார்கள்! "உன் பாட்டன் எந்த ஊர்?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவனிடம் ஒரு சொத்து இருந்தது. அதுவும் தெரியாதவனிடம் ஒன்றுமே இல்லை.

1964-ல் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போக விருப்பமா என்று அந்த ஜனங்களை முன்னதாக யார் கேட்டார்கள்? வந்தவர்களுக்குச் சர்க்கார் ஓரளவு வழி செய்தது உண்மை. நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. 1969-ல் ரெப்கோ வங்கியை நிறுவியது. ஆயினும் ஊரில் பங்காளி காத்திருந்தவன் ஒரு திண்ணையிலாவது இறங்கினான். தொடர்பு அறுந்தவனோ முகாமிலிருந்து முகாமுக்கு அலைந்தான். அங்கே "கள்ளத்தோணி" என்ற பெயர். இங்கே "சிலோன்காரன்" என்ற பெயர்.

இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003-ஆம் வருஷத்துச் சட்டம் பிரஜா உரிமை அளித்தது. மலையகத் தமிழர் 2023-ல் தங்கள் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவு கூர்ந்தார்கள். நம் மாநில அரசும் 2022 முதல் ஜனவரி 12-ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. "வேர்களைத் தேடி" என்ற திட்டத்தின் கீழ் அயல்நாட்டுத் தமிழ் இளைஞரை இங்கே அழைத்துக் காட்டுகிறது. கேரளம் 1996-லேயே இதற்கென ஓர் இலாகா கண்டுவிட்டது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் விழாவுக்கு வருகிறவர் பெரும்பாலும் வரக்கூடியவர். பணம் அனுப்பியவரை ஊர் மறப்பதில்லை. அனுப்ப முடியாமற் போனவரை நினைப்பதல்லவா பெரிய காரியம்?

இதற்குச் சர்க்காரின் உத்தரவு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குளத்தூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கொடை வரி எழுதும் நாளில், கடல் கடந்து போன குடும்பங்களின் பெயர்களையும், எந்தத் தோட்டம், எந்தத் தலைமுறை என்ற விவரங்களையும் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைக்கட்டும். அந்தப் பெரியவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். என்றைக்காவது ஒரு பேரனோ பேத்தியோ கரிசல் மண்ணில் வந்து நின்று, "எங்கள் பாட்டனார் இந்த ஊராமே?" என்று கேட்கலாம். அப்போது ஊர் விழிக்கக் கூடாது. ஏட்டைப் புரட்டி, "ஆமாம் தாயி, வா, உட்கார்!" என்று சொல்ல வேண்டும்.