மலையின் சாட்சி எந்த அலமாரியில்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் ஒரு பளியர் பழங்குடிக் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே காட்டில் தேன் எடுத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான காகிதத்தை எங்கே போய்த் தேடுவது? 1910 வரை அந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டம். பிறகு ராமநாதபுரம். 1985-ல் காமராஜர் மாவட்டம். 1997 முதல் விருதுநகர். மாவட்டம் மாற மாற, ஏறி இறங்க வேண்டிய அலுவலகமும் மாறும்.

இது வெறும் சரித்திர ஆர்வலர்களின் கவலை அல்ல. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்தக் காட்டை நம்பி வாழ்ந்தவர்கள் என்று பழங்குடியினர் காட்டியாக வேண்டும். எதையெல்லாம் சான்றாக ஏற்கலாம் என்று விதி 13 சொல்கிறது. அரசிதழ், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவைப் பதிவு, வனத்துறைச் செயல்திட்டம் என்று நீளும் பட்டியலில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று, உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, எழுத்தில் பதிந்த வாக்குமூலம். மற்றொன்று, பெயர்பெற்ற நிறுவனங்கள் அந்த மக்களின் வழக்கங்களைப் பதிவுசெய்த ஆய்வுகள். ஒரு சான்று மட்டும் போதாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆக, பாட்டியின் ஞாபகமும் பல்கலைக்கழகத்தின் ஏடும் ஒரே கோப்பில் சேர வேண்டியவை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தத் தேவை கூடியிருக்கிறது.

ஆய்வுகள் நடக்காமல் இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அதே பத்தாண்டில் ராபர்ட் ஹார்ட்கிரேவ் கீழே சமவெளியில் நாடார் சமூகத்தின் வரலாற்றைத் தேடினார். அவருடைய நூலை 1969-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. மலையைப் பற்றியும் சமவெளியைப் பற்றியும் படிக்க வேண்டுமானால் ஆங்கிலமும் தெரிய வேண்டும், பெரிய நூலகமும் அருகே இருக்க வேண்டும். மலையடிவாரத்துத் தாணிப்பாறையில் இருப்பவருக்கு இரண்டும் எட்டாது.

உள்ளூர்க் கல்லூரிகளின் கதையும் அப்படியே சிதறிக் கிடக்கிறது. வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்த ஊர் விருதுநகர். அங்கே செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-ல் வந்தது. கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரின் பெயரோடு சிவகாசியில் 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தொடங்கியது. 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னாளில் அது இந்த மண்ணின் காமராஜர் பெயரைப் பெற்றது. இந்தக் கல்லூரிகளின் பிறப்புச் சான்று அரசாணையில் மட்டும் இல்லை. மகமைக் கணக்குப் பேரேட்டிலும், தீப்பெட்டி லேபிளிலும், பட்டாசு ஆலையின் நன்கொடைக் கடிதத்திலும் இருக்கிறது. அவற்றை யார் சேர்த்து வைத்திருக்கிறார்கள்?

ஆய்வேடுகளின் நிலையும் கவனிக்க வேண்டியது. 2009-க்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதித்தது. பல இன்று ‘சோத்கங்கா’ தளத்தில் கிடைக்கின்றன. எம்.ஃபில். ஏடுகளுக்கு அந்த யோகம் பெரும்பாலும் வாய்க்கவில்லை. 2022-ல் அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். மலைவாழ் மக்களைப் பற்றியும் தீப்பெட்டித் தொழிலாளர்களைப் பற்றியும் மாணவர்கள் நேரில் போய்க் கேட்டு எழுதியவை, தட்டச்சுத் தாளில், ஓரிரு பிரதிகளே உள்ளவை. பெயர்பெற்ற நிறுவன ஆய்வு என்று அவற்றை வன உரிமைக் குழு ஏற்குமா என்பது வேறு கேள்வி. பூட்டிய அலமாரிக்குள் கிடந்தால் அந்தக் கேள்வியே எழாது.

தனி மனிதர்களே சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா ஒரு விளம்பரப் பலகை ஓவியர். அவர் திரட்டிய புத்தகங்களும் துண்டறிக்கைகளும், 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னையில் ஆய்வு நூலகமாயின. நல்ல காரியம்தான், ஆனாலும் செட்டிநாட்டுச் சேகரம் சென்னைக்குப் போய்த்தான் பிழைத்தது.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலையில் வேறு வழி. ஜார்ஜியா மாநிலப் பள்ளி மாணவர்கள் 1966-ல் தாத்தா பாட்டிகளைப் பேட்டி கண்டு, மரவீடு கட்டுவது முதல் மூலிகை வரை ‘ஃபாக்ஸ்ஃபயர்’ என்ற இதழில் எழுதினார்கள். 1972 முதல் அது நூல்களாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளுக்கு இது ஒரு பருவத் தேர்வுக்கான வேலை. கைபேசியே போதும். ஆனால் பேசியவர் பெயர், குடியிருப்பு, தேதி, அவருடைய சம்மதம் நான்கும் கூடவே பதிவாக வேண்டும். பேச்சின் பிரதி அந்தக் குடியிருப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். தேன்பாறை இருக்கும் இடத்தையும் மருந்துச் செடி முளைக்கும் சரிவையும் ஊருக்குச் சொல்லலாமா என்பதைப் பளியர்களே முடிவு செய்யட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறுபதுகளின் கல்லூரி ஆண்டு மலரோ, பழைய லேபிள் கட்டோ, மகமைக் கணக்கோ வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். புகைப்படமாக இருந்தால், அதிலிருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி, பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.