கப்பி (மீன்)

கப்பி என்பது குட்டியீனும் சிறிய நன்னீர் மீனாகும். இதன் அறிவியற் பெயர் பொய்சிலியா ரெட்டிகுலேட்டா. தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் திரினிடாடும் இதன் தாயகமாகும். 1859 இல் செருமானிய விலங்கியலாளர் வில்லெம் பீட்டர்சு இதனை முதன்முதலில் விவரித்தார். திரினிடாடில் இதனைச் சேகரித்த இராபர்ட் சான் லெச்மியர் கப்பியின் பெயரே இதற்கு வழங்குகிறது.

வளர்ப்பு

குறைந்த செலவில், எளிய பராமரிப்புடன் தொட்டியில் வளர்க்க ஏற்ற மீன்களுள் இதுவும் ஒன்று. ஆண் சுமார் 3 செ.மீ., பெண் சுமார் 6 செ.மீ. வளரும். 22 முதல் 28 பாகை செல்சியசு வரையான வெப்பநிலை ஏற்றதாதலால், தமிழ்நாட்டில் பொதுவாக நீர்சூடேற்றி தேவைப்படாது. கடினநீரிலும் நன்கு வாழும். நீர்த்தாவரங்கள் உள்ள 20 லிட்டர் தொட்டியில் நான்கைந்து மீன்களை வளர்க்கலாம். குளோரின் கலந்த குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தபின் பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுதல் நன்று. எஞ்சும் உணவு அழுகி நீரைக் கெடுக்குமாதலால், சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிட வேண்டும்.

இனப்பெருக்கம்

பெண் மீன் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குட்டியீனும். ஆணின் விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைக்கும் இயல்புடையதால், தனியாக வாங்கிய பெண் மீனும் குட்டியீனக்கூடும். பெருக்கத்தை விரும்பாதோர் ஆண் மீன்களை மட்டும் வளர்ப்பதே எளிய வழியாகும்.

சூழலியல் தாக்கம்

கொசுப்புழுக்களை உண்பதால் கப்பி இந்தியாவில் பல நீர்நிலைகளில் விடப்பட்டுள்ளது. ஆயினும் இது அயல் இனம். உணவுக்கும் இடத்துக்கும் உள்ளூர்ச் சிறுமீன்களுடன் போட்டியிடும். கொசுப்புழுக்களை உண்ணும் அப்லோகைலசு பேரின மீன்கள் தமிழ்நாட்டிலேயே இயற்கையாக வாழ்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர் போன்ற ஊர்களில் கண்மாய்களும் குளங்களும் மழைக்காலத்தில் நிரம்பி வழியும்போது, ஒரு குளத்தில் விடப்பட்ட மீன் மற்றொன்றுக்கும் பரவக்கூடும். எனவே தொட்டியில் மிகுந்த மீன்களை நீர்நிலைகளில் விடாது, வளர்க்க விரும்பும் பிறருக்கு அளிப்பதே முறையாகும்.