டூ-ஸ்ட்ரோக் வண்டியில வீக்கெண்ட் ரேஸ்: ஆசைக்கு உண்மையான விலை எவ்வளவு?

சம்பளம் கிரெடிட் ஆன மறுநாளே ஆர்எக்ஸ் 100 விற்பனைக்கு இருக்கான்னு தேடுற ஆளா நீங்க? அதை வாங்கி, ரெடி பண்ணி, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை டிராக்ல ஓட்டணும்னு ஒரு ஆசையும் இருக்கா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

"வேண்டாம்"னு சொல்றதுக்காக இதை எழுதல. சம்பாதிக்கிறதே நமக்குப் பிடிச்சதைச் செய்யறதுக்குத்தான். ஆனா இந்த ஆசைக்கு வண்டியோட விலை வெறும் நுழைவுக் கட்டணம் மாதிரி. அசல் செலவு அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

நாம இன்னைக்கு ஓட்டுற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு தடவைதான் எரிபொருள் வெடிச்சு சக்தி கிடைக்கும். டூ-ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் கிடைக்கும். எஞ்சின் எடையும் குறைவு. அதனாலதான் வெறும் 98 சிசி, 11 குதிரை சக்தி இருக்கிற ஆர்எக்ஸ் 100 அப்படிச் சீறிக்கிட்டுப் போச்சு. 1985ல வந்த அந்த வண்டியோட உற்பத்தி 1996ல நின்னுபோச்சு. பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியறதால, புகை விதிகள் இறுக இறுக டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் எல்லாமே ஷோரூமை விட்டுப் போயிடுச்சு.

புதுசா வராது, பழசு குறைஞ்சுக்கிட்டே போகுது. அதனால நல்ல வண்டிக்கு விலை ஏறுது. உடனே "அப்போ இது இன்வெஸ்ட்மென்ட் தானே ப்ரோ?"ன்னு கேட்பீங்க. இங்கதான் ஒரு சிக்கல். சேகரிக்கிறவங்க பணம் கொடுக்கிறது கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கிற ஒரிஜினல் வண்டிக்கு. ரேஸுக்கு நீங்க போர்ட்டை ராவணும், சைலன்சரை மாத்தணும், ஹெட்லைட்டைக் கழட்டணும். ஒரே வண்டியில ரெண்டும் நடக்காது. ரேஸ் வண்டின்னு முடிவு பண்ணிட்டா, அந்தப் பணத்தைச் செலவுன்னே எழுதிடுங்க.

மில்லிமீட்டர்ல தெரியற தேய்மானம்

ஆர்எக்ஸ் 100 சிலிண்டரோட உள்விட்டம் 50 மி.மீ. ரேஸ்ல எஞ்சின் முழு வேகத்துல கதறும்போது ஆயில் கொஞ்சம் குறைஞ்சாலோ, கார்புரேட்டர் ஜெட் சரியா இல்லாம பெட்ரோல் குறைவாப் போனாலோ, பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விக்கும். மெக்கானிக் பாஷையில "சீஸ்" ஆயிடுச்சு. அந்த நொடியில பின் சக்கரம் லாக் ஆகும். அதனாலதான் அனுபவசாலிகள் எப்பவும் ரெண்டு விரலை கிளட்ச் மேலயே வெச்சிருப்பாங்க.

சீஸ் ஆனா சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் குடைஞ்சு, அடுத்த சைஸ் பிஸ்டன் போடணும். அந்த சைஸ்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ.ன்னு படிப்படியாப் போகும். ஆக, உங்க கையில இருக்கிறது நாலு வாய்ப்பு. நாலும் முடிஞ்சா புது ஸ்லீவ் அல்லது புது சிலிண்டர். பழைய வண்டி வாங்கும்போது "எத்தனையாவது போர் ஓடுது?"ன்னு கேளுங்க. பெயின்ட் பளபளப்பை விட அந்தப் பதிலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒரு வருஷக் கணக்கு

கீழே இருக்கிற எண்கள் கணக்கு புரியறதுக்கு மட்டும். உங்க பட்டறையிலயும் ரேஸ் நடத்துற கிளப்லயும் கேட்டு மாத்திக்கோங்க.

- நுழைவுக் கட்டணம், லைசென்ஸ் பங்கு: 12,000
- வண்டியை ஏத்திட்டுப் போக குட்டி யானை வாடகை: 4,000
- பெட்ரோல், 2டி ஆயில்: 2,000
- சாப்பாடு, தங்கல்: 2,000

ஒரு வீக்கெண்டுக்கு 20,000. வருஷத்துக்கு மூணு தடவைன்னா 60,000. எஞ்சின் வேலைக்கு 15,000, கீழே விழுந்தா உடையற சாமான்களுக்கு 15,000. மொத்தம் 90,000, அதாவது மாசம் 7,500. கைக்கு 45,000 வர்றவருக்கு இது சம்பளத்துல ஆறுல ஒரு பங்கு. ஹெல்மெட், லெதர் சூட், கிளவுஸ், பூட்ஸ் இதுல சேரல. அது தனி. எதுல மிச்சம் பிடிச்சாலும் அதுல பிடிக்காதீங்க.

யாரும் படிக்காத அந்த ஒரு வரி

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உங்க பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்க. எந்த உபயோகத்துக்குச் செல்லாதுங்கிற பட்டியல்ல, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் இருக்கும். டிராக்ல வண்டி உடைஞ்சா கிளெய்ம் கிடையாது.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல கொஞ்சம் நுணுக்கம் இருக்கு. ஐஆர்டிஏஐயோட பொதுவான விலக்கு வாசகத்துல, மோட்டார் ரேஸிங் மாதிரி ஆபத்தான விளையாட்டுகள்ல "தொழில்முறை வீரரா" கலந்துக்கிட்டு வர்ற சிகிச்சைக்குத்தான் பணம் கிடையாதுன்னு இருக்கு. நீங்க பொழுதுபோக்குக்கு ஓட்டுறவர். ஆனா பரிசுப் பணம் வாங்கினாலோ ஸ்பான்சர் இருந்தாலோ உங்களை எந்தக் கணக்குல சேர்ப்பாங்க? இந்தக் கேள்வியை கிளெய்ம் நேரத்துல கேட்கக் கூடாது. இப்பவே மெயில் போட்டு, எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்கோங்க. ஆபீஸ் குரூப் பாலிசிக்கும் தனியாக் கேளுங்க. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிகள்லயும் ரேஸிங் விலக்கு சகஜம். டெர்ம் இன்ஷூரன்ஸ் படிவத்துல ஆபத்தான பொழுதுபோக்கு பத்திக் கேட்டா மறைக்காதீங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அந்தப் பணம் வீட்டுக்குப் போய்ச் சேரணும்.

இன்னொரு கணக்கு. காலர் எலும்பு உடைஞ்சு 30 நாள் வேலைக்குப் போக முடியலைன்னு வைங்க. லீவ் 12 நாள்தான் பாக்கி. மீதி 18 நாள் சம்பள இழப்பு. ஒரு நாளைக்கு 1,500 வெச்சா 27,000 போச்சு. ஆஸ்பத்திரி பில் தனி. ஆனா வீட்டு வாடகையும் அப்பா பேர்ல ஓடுற ஈஎம்ஐயும் உங்க எலும்பு கூடுற வரைக்கும் காத்திருக்காது.

சரி, எந்த வரிசையில போகலாம்?

1. ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், சொந்தப் பேர்ல ஹெல்த் பாலிசி, உங்களை நம்பி ஆள் இருந்தா டெர்ம் பாலிசி. இந்த மூணும் முதல்ல.

2. அப்புறம் "பிஸ்டன் ஃபண்ட்"னு தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. அதுல இருக்கிற பணம்தான் அந்த வருஷ ரேஸ். தீர்ந்துட்டா சீசன் முடிஞ்சுது. பர்சனல் லோன், கிரெடிட் கார்டு ஈஎம்ஐ ரெண்டையும் இதுக்குத் தொடாதீங்க. வண்டி ஒரே நாள்ல சீஸ் ஆகலாம், லோன் மூணு வருஷம் ஓடும்.

3. முதல் வருஷம் வண்டி வாங்காமலே டிராக் பக்கம் போங்க. சோழவரத்துல உலகப் போர் கால விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல இருந்தே சென்னைக்கு இந்தப் பழக்கம் உண்டு. இப்போ இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, கோவைப் பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. ஓட்டுற நண்பருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுங்க, மார்ஷல் வேலைக்கு வாலன்டியரா போங்க. அங்க செலவழிக்கிற ரெண்டு நாள்ல, இந்த ஆசை நிஜமா இல்ல வெறும் ரீல்ஸ் மயக்கமான்னு தெரிஞ்சிடும்.

4. டிராக் செலவு அதிகம்னு ராத்திரி ஈசிஆர்ல ஓட்டிப் பார்க்கிற யோசனையே வேண்டாம். பொது சாலையில ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவுப்படி முதல் தடவையே மூணு மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். எதிர்ல வர்றவர் உங்க விளையாட்டுக்குச் சம்மதம் சொன்னவர் இல்லைங்கிறது அதைவிடப் பெரிய விஷயம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க: உங்க ஹெல்த் பாலிசியில விலக்குகள் பக்கத்தைத் திறந்து, மேல சொன்ன அந்த வரியைத் தேடிப் படிங்க. கம்பெனிக்கு மெயில் போடுங்க. பதில் வந்த பிறகு வண்டி தேட ஆரம்பிக்கலாம். அடுத்த வீடியோவுல பிஸ்டன் ஃபண்ட் மாதிரி பொழுதுபோக்குச் செலவுகளுக்கு ஆர்.டி.யா, லிக்விட் ஃபண்டா, எது சரின்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.