சிக்கிமின் இயற்கை வேளாண்மையும் வாரக் குடிகளும்

தோழர்களே, சிக்கிம் என்றாலே ரசாயனம் படாத மண் என்ற ஒரே சித்திரம்தான் நம் முன் வைக்கப்படுகிறது. அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

2003இல் அன்றைய முதல்வர் பவன் குமார் சாம்லிங் சட்டமன்றத்தில் இம்மாற்றத்தை அறிவித்தார். உர மானியம் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 2010இல் இதற்கெனத் தனி இயக்கம் தொடங்கியது. 2014இல் வந்த சட்டம் ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் தடைசெய்தது. மீறினால் சிறையும் உண்டு. சுமார் 75,000 ஹெக்டேர் சான்றிதழ் பெற்றது. 2016 ஜனவரியில் காங்டாக்கில் பிரதமர் சிக்கிமை முழு இயற்கை வேளாண் மாநிலம் என அறிவித்தார். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏலமும் இஞ்சியும் விளையும் அந்த மலைச்சரிவுகளில் முன்பும் உரப் பயன்பாடு குறைவே. பஞ்சாபுக்கு இதை அப்படியே பாடமாகச் சொல்ல முடியாது.

அங்கே 'அதியா' என்றொரு முறை உண்டு. விளைச்சலில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி உழுபவருக்கு. நம் வாரம் போன்றதுதான். நேபாளி பேசும் காமி, தமாய், சார்க்கி ஆகிய தலித் சாதிகள் கொல்லுவேலைக்கும் தையலுக்கும் தோல்வேலைக்கும் ஒதுக்கப்பட்டவை. அவர்களில் நிலமற்றோர் பலர்.

ரசாயன உரத்தின் பலன் பெரும்பாலும் அந்தப் பருவத்தோடு தீரும். தொழு உரமோ ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேர்ந்து பலன் தரும். அடுத்த ஆண்டு இதே நிலம் கிடைக்குமா என்று தெரியாதவர் எதற்காக அதைச் சேர்ப்பார்? சேர்த்தாலும் வெளியேற்றப்பட்டால் வளம் நிலத்துக்காரருக்கே. சான்றிதழுக்கு முந்தைய மாறுகாலம் இரண்டு, மூன்று ஆண்டுகள். அப்போது விளைச்சல் குறைந்தால் நட்டம் இருவருக்கும் பாதிப்பாதி; களையெடுப்பு, உரம் சுமப்பு முழுவதும் ஒருவர் தலையில். (நம் ஊர் இயற்கை வேளாண் மேடைகளில் சாணக்கூடை சுமந்த தலையைப் பற்றி யாரும் பேசி நாம் கேட்டதில்லை.)

சிக்கிமுக்கு அரிசியும் காய்கறியும் சிலிகுரி வழியாகத்தான் ஏறி வருகின்றன. 2018 ஏப்ரலில் வெளியிலிருந்து வரும் சில காய்கறிகளுக்குத் தடை விதிக்கப்பட்டபோது சந்தையில் விலை ஏறியது. அன்றாடக் கூலியில் வாங்கிச் சாப்பிடுபவருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2023இல் தமிழ்நாடும் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. சான்றிதழ் விண்ணப்பத்தோடு நில ஆவணமும் இணைக்க வேண்டும். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு அடுத்தவர் வயலில் வாரத்துக்கு உழுபவர் எதை இணைப்பார்?