பாலாற்றைப் பற்றி எழுதுகிறவருக்குச் சட்டம் தரும் காவல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து பாலாற்றில் சேரும் கழிவைப் பற்றி முகநூலில் எழுத நினைப்பவருக்கு முதலில் வரும் அச்சம் மானநஷ்ட வழக்குதான். அது வீண் அச்சம் அல்ல. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. நிறுவனமும் புகார் கொடுக்கலாம். ஆனால் பொதுநலனுக்காக வெளியிடும் உண்மை அவதூறாகாது, நீதிமன்ற நடவடிக்கையைச் சரியாக எடுத்துச் சொல்வதும் அவதூறாகாது என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. ஆகவே எழுதுகிறவரைக் காப்பது கையிலுள்ள ஆவணம்தான். அடக்கி வாசிப்பதால் மட்டும் யாரும் தப்பிவிட முடியாது.

ஆவணத்துக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, டேனரிகள் சூழ்ந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகக் கண்ட ஆய்வைப் பதிவு செய்திருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் விரிவான உத்தரவிட்டது. தீர்ப்புகளை எடுத்து வெளியிட, நீதிமன்றமே தடை செய்திருந்தாலன்றி, பதிப்புரிமைச் சட்டமும் குறுக்கே நிற்காது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளின் அடிப்படையில் எழுதுவதை ஆட்சேபிக்க முடியாது என்பது நக்கீரன் இதழ் தொடர்ந்த ராஜகோபால் வழக்கில் 1994-லேயே முடிவானது. ‘இந்தக் கம்பெனி ஆற்றில் விஷம் கலக்குகிறது’ என்று எழுதினால் நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இன்ன தேதியில் அனுப்பிய நோட்டீஸ் இன்னது சொல்கிறது என்று எழுதினால் அந்தச் சுமை பெரிதும் குறையும். நோட்டீஸின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எல்லா டேனரிகளையும் ஒரே கூண்டில் ஏற்றாமல் எழுதுவது, அங்கே வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கும் நியாயம்.

‘ஜெயித்தாலும் கோர்ட்டுக்கு அலைவதே தண்டனைதானே?’ என்பார்கள். அது உண்மை, பணபலம் உள்ளவர் வழக்கையே ஆயுதமாக்குவது நடக்கிறது. அதை உணர்ந்துதான் 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், விசாரணைக்கு முன்பே கட்டுரைக்குத் தடை விதிப்பது விதிவிலக்கான சூழலில்தான் கூடும் என்றது உச்ச நீதிமன்றம். அவதூறு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்; மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. புகாருக்கு ஆளானவரைக் கேட்காமல் மாஜிஸ்திரேட்டும் புகாரை விசாரணைக்கு ஏற்க முடியாது. பகிர்வதில்தான் பலர் அஜாக்கிரதையாக இருக்கிறார்கள். பிறர் எழுதியதைப் பகிர்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்று நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் கூறியது. பிறர் எடுத்த நுரை பொங்கும் பாலாற்றுப் படத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். நாமே எடுத்த படமென்றால் அசல் கோப்பைப் போனிலேயே பத்திரப்படுத்துவது நல்லது. மின்னணுச் சான்றுக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும். வக்கீல் நோட்டீஸ் வந்த பதற்றத்தில் எதையும் அழிக்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள், வருமானம் குறைந்தோர் 15100 என்ற எண்ணில் அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.